சொதிக்கு உப்பு

ஒரு கரண்டி. குழந்தைக்கு மருந்து ஊற்றுகிற அளவுக் கரண்டி. அதை எடுக்க வேண்டும், சட்டியில் முக்க வேண்டும், வாயில் வைக்க வேண்டும், நெற்றியைக் கொஞ்சம் சுருக்கி யோசிக்கிறவள் மாதிரி நிற்க வேண்டும். இவ்வளவுதான். இதற்காகத்தான் திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி இரண்டாவது தடவையாகச் சென்னைக்கு வந்து, யாரோ நடத்துகிற கேட்டரிங் கல்லூரியின் சமையல்கூடத்தில், தலையில் காகிதத் தொப்பி மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அடுப்புக்குப் பக்கத்தில் எவர்சில்வர் டம்ளரில் கரண்டிகளைத் தலைகீழாக நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு தடவை வாயில் வைத்ததைத் திரும்பச் சட்டியில் விடக் கூடாதாம், வேறு கரண்டி எடுக்க வேண்டுமாம், அதுதான் சுத்தம் என்று இங்கே கூட நின்று மொழிபெயர்க்கிற பெர்னார்ட் சார் சொன்னார். வாயிலேயே வைக்காமல் சமைக்கிறவளுக்கு இவர்கள் சுத்தம் சொல்லித் தருகிறார்கள். எச்சில் என்ற சொல்லுக்கு இங்கிலீஷில் என்ன என்று போன தடவை அவரைக் கேட்டேன். அதை அப்படியே சொல்ல முடியாது மேடம் என்றார். சொல்ல முடியாததற்கு மார்க் மட்டும் குறைக்க முடிகிறது. போன தடவை இதே அடுப்பு, இதே சொதி. லேப்டாப் திரையில் பரீட்சை எடுக்கிற இதே ஹிலரி அம்மாள், ஆஸ்திரேலியாவில் அவள் வீட்டு ஜன்னல் திரைச்சீலைக்கு முன்னால் உட்கார்ந்து, மூக்கின் நுனியில் கண்ணாடியோடு. பத்து நாள் கழித்து முடிவு வந்தது: சமைக்கும்போது சுவைத்துப் பார்த்துத் திருத்தும் பழக்கம் இல்லை, உணவில் உப்பு போதவில்லை, தகுதி பெறவில்லை. ஆயிரம் பேர் பந்திக்குச் சமைத்த கையைப் பார்த்து உப்பு போதவில்லையாம். அவள் சாப்பிட்டாளா? திரைக்குள்ளேயிருந்து எப்படிச் சாப்பிடுவாள்? சாப்பிட்டது பெர்னார்ட் சார். அவருக்கு உப்பு கூட வேண்டும் என்றால் அது அவர் வீட்டு நாக்கு, அதற்கு நான் என்ன செய்ய?

மூன்றாம் பாலில் காய் வேகிறது. முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு. சிறுபருப்பு தனியாக வெந்து குழைந்து இருக்கிறது. தேங்காயை நானே துருவி, நானே பிழிந்து, முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று கிண்ணம் கிண்ணமாக வரிசை வைத்திருக்கிறேன். அதை எல்லாம் கேமராவைக் கையில் பிடித்துப் படம் காட்டினார் பெர்னார்ட் சார். ஹிலரி அம்மாள் வெரி நைஸ் என்றாள். போன தடவையும் வெரி நைஸ்தான் சொன்னாள். எனக்கு அந்த வெரி நைஸில் நம்பிக்கை போய்விட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியைப் பற்றிச் சொல்வது போல அது. இந்த வழிக்கே நான் வந்திருக்க வேண்டாம், அண்ணன் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தால். பாளையங்கோட்டையில் விசா ஏஜென்ட் மைதீன் முதலில் அதைத்தான் கேட்டான். ஆஸ்திரேலியாவுல அடிலெய்டுல ஒரு சாப்பாட்டுக் கடையில வேலை இருக்குக்கா, சைவச் சமையல், நம்மூர் ருசி கேக்காங்க, ஆனா நீங்க செஃப்னு அந்த ஊர்க்காரன் ஒத்துக்கிடணும், அதுக்கு வேலை பார்த்த இடத்துல ஒரு சான்று. வேலை பார்த்த இடம் என்றால் வேறெது, அப்பா வைத்துவிட்டுப் போன சமையல் கான்டிராக்ட்தான், இப்போது போர்டில் சங்கரலிங்கம் என்று அண்ணன் பேர் இருக்கிறது. கல்யாணமாகி இரண்டாவது ஆடிக்குள் அந்த வீடு வேண்டாம் என்று திரும்பி வந்தவள், வந்த மறுவாரமே அண்டா ஏற்றுகிற கோட்டை அடுப்புக்கு முன்னால் நின்றேன். இன்றுவரை நிற்கிறேன். அண்ணன் வெற்றிலையை மென்றுகொண்டு சொன்னான், "ஏட்டி ஆவுடை, கூட மாட ஒத்தாசைக்கு நின்னாள்னு வேணும்னா எழுதித் தாரேன். தலைமைச் சமையல்னு எழுதிக் குடுத்துட்டு நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஆர்டர் பிடிக்க?" ஒத்தாசை. நான் ஒத்தாசை. அவன் அடுப்புப் பக்கம் வந்தால் கண் எரிகிறது என்று வாசலுக்குப் போய் நிற்பவன். சரி, கல்யாண வீடியோக்களில் பார்ப்போம் என்று மைதீனும் நானும் உட்கார்ந்து தேடினோம். எல்லா வீடியோவிலும் அண்ணன் இருக்கிறான், தங்கச் செயின் போட்டுக்கொண்டு, கை கூப்பிக்கொண்டு, பந்தியில் சம்பந்தி காதில் ஏதோ சொல்லிக்கொண்டு. சமையற்கட்டுக்கு எந்த கேமராக்காரன் வருவான், புகையில் லென்ஸ் கெட்டுப்போகும். கடைசியில் ஒரே ஒரு படத்தில், வடை எடுக்க வந்த பையனுக்குப் பின்னால், ஒரு முழங்கை. என் முழங்கைதான், எண்ணெய் தெறித்த தழும்பு தெரிகிறது. மைதீன் நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டு, "யக்கா, முழங்கைய வச்சு நான் என்ன பண்ண?" என்றான். சிரித்தோம். வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு அழுகை வந்தது, அழுகை கூட இல்லை, ஆத்திரம். இத்தனை வருஷத்துக்கு ஒரு முழங்கை. காகிதம் இல்லாதவர்கள் நேரில் சமைத்துக் காட்டலாம் என்று அந்த நாட்டில் ஒரு வழி வைத்திருக்கிறார்களாம், அதுதான் இது.

காயில் உப்புப் போட்டாயிற்று. மூன்று விரலால் எடுத்து, மேலிருந்து, கை தானாகப் போட்டது. நான் ஒருநாளும் உப்பை அளந்ததில்லை, கை அறியும். இஞ்சி, பச்சை மிளகாய் விழுதும் போட்டேன். "உப்பு சரியா இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேக்கறாங்க மேடம்," என்றார் பெர்னார்ட் சார். "வாசனையில தெரியும் சார்," என்றேன், சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். இதே பதிலைத்தானே போன தடவையும் சொன்னேன். அவர் அதை இங்கிலீஷில் சொல்ல, திரையில் அவள் குனிந்து என்னவோ எழுதினாள். எழுதட்டும். தெரியத்தான் செய்கிறது. உப்பு நின்றால் ஆவி கனத்து வரும், குறைந்தால் வெறும் காய் வெந்த வாடை மேலாகப் பறக்கும், இதை நான் எந்தப் பாஷையில் சொல்ல? போன தடவை இன்னொன்றும் கேட்டார்கள். சமைத்து முடித்தபின் ருசி சரி என்று கடைசியாக யார் முடிவு செய்வார்கள் என்று. எங்க அண்ணன் என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது. மரியாதைக்குச் சொன்னது அது. அண்ணன் இருக்கும்போது நான் என்று சொல்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை, தபால்காரன் வந்து யார் வீடு என்று கேட்டாலும் அண்ணன் வீடு என்றுதான் சொல்வேன். அதையும் எழுதிக்கொண்டாள் அந்த அம்மாள். சொன்னது பொய்யும் இல்லை. அண்டா இறக்கியதும் அடுப்படியில் மஞ்சள் பிள்ளையாருக்குச் சின்ன இலை போட்டு எல்லாவற்றிலும் கொஞ்சம் வைப்போம். அதுவரை யார் நாக்கிலும் எதுவும் படக் கூடாது. இலை போட்டதும் சமையல் மேஸ்திரி வருவார். அப்பா இருந்தவரை அப்பா, பிறகு அண்ணன். வாசலிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வருவான், மாப்பிள்ளை வீட்டுப் பெரிய மனுஷர் இரண்டு பேரை வேண்டுமென்றே கூட அழைத்து வருவான். உள்ளங்கையை நீட்டுவான், நான் கரண்டியால் ஊற்றுவேன். உறிஞ்சிவிட்டு, கண்ணை மூடி, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, "உப்பு," என்பான். இரண்டு கையும் சேர்த்துக் கல்லுப்பை அள்ளி அண்டாவில் போடுவான். சட்டுவத்தை வாங்கி ஒரு சுற்றுக் கிண்டுவான். பெரிய மனுஷர்கள் ஆஹா, அண்ணாச்சி கைப்பக்குவம் என்பார்கள். இருட்டு பிரிவதற்கு முன் வந்து, காய் வெட்டுகிறவர்களோடு மல்லுக்கட்டி, இடுப்பு ஒடிய நின்றவள் நான். கைப்பக்குவம் அவனுடையது. அவன் போடுகிற உப்பு பந்திக்குக் காட்டுகிற வேஷம், அதனால் கூடவும் போவதில்லை குறையவும் போவதில்லை, போட்டுத் தொலையட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

இரண்டாம் பால் ஊற்றிப் பருப்பையும் சேர்த்தேன். அடுப்பில் நெருப்பு இல்லை, கண்ணாடிப் பலகைக்கு அடியில் சிவப்பாக ஒரு வட்டம். நெருப்பைப் பார்க்காமல் சமைப்பது முகம் தெரியாத ஆளோடு பேசுவது போல இருக்கிறது. கரண்டி. எடுக்க வேண்டியதுதானே. என்ன இப்போது, இங்கே பிள்ளையாரும் இல்லை, இலையும் இல்லை. சாமிக்கு வைக்காத சமையலில் எச்சில் எங்கிருந்து வந்தது? ஆனால் கை போகமாட்டேன் என்கிறது. வலிக்கவில்லை, கூசுகிறது. ஒருவேளை இந்தத் தடவையும் கை போகாமலே முடிந்துவிட்டால்? மூன்றாவது தடவை கிடையாது என்று மைதீன் முன்பே சொல்லிவிட்டான். அடிலெய்டுக்காரர்கள் எத்தனை நாள் காத்திருப்பார்கள், வேறு ஆள் பார்த்துவிடுவார்கள். நான் ரயிலேறிப் போய் இறங்குவேன். அண்ணன் ஒன்றும் கேட்க மாட்டான். அதுதான் அவனிடம் எனக்குப் பொறுக்காதது. போன தடவை மதினிதான் காபி டம்ளரை நீட்டிக்கொண்டே, "அந்த ஊர்க்காரனுக்கு உங்க சமையல் பிடிக்கலையாக்கும்," என்றாள். அண்ணன் பேப்பரை மடித்துவிட்டு, "வைகாசியில மூணு முகூர்த்தம் இருக்கு, ஆவுடை," என்றான். அவ்வளவுதான் பேச்சு. மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய்த் திரும்பி வந்தால் கூட இரண்டு அடி போடுவார்கள். எனக்கு அந்த அடிகூட இல்லை, நேராகத் தொழுவம். எனக்கு வெளிநாடு பார்க்க வேண்டும் என்று ஆசையா? இல்லை. அந்த ஊர்க் குளிர் எப்படி என்றுகூடக் கேட்டதில்லை. அங்கே சமையற்காரி யார் என்று கேட்டால் நான் என்று சொல்ல வேண்டும், கேட்டவன் ஒத்துக்கொள்ள வேண்டும். இதற்கு ஒரு கடல் தாண்ட வேண்டியிருக்கிறது, அந்தக் கடலுக்கு முன்னால் இந்தக் கரண்டி நிற்கிறது, என்ன அக்கிரமம் இது. எடுடி. கேமரா பார்க்கிறது. ஹிலரி அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என் கையைப் பார்க்கிறாள். முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்க்கிறாள். இத்தனை வருஷத்தில் சமைக்கிற என் கையை இப்படிக் கண் எடுக்காமல் யாராவது பார்த்திருக்கிறார்களா என்று யோசித்தால், அவள் மீது கோபப்படக்கூட முடியவில்லை, அதுவும் ஒரு கோபமாக வருகிறது.

முதல் பாலை ஊற்றினேன். இதற்குப் பிறகு கொதிக்கக் கூடாது, கொதித்தால் திரிந்துபோகும். ஓரத்தில் லேசாக நுரை கட்டி வரும்போதே இறக்கிவிட்டேன். எலுமிச்சம்பழம் பிழிந்தேன். வாசனை வந்தது. நல்ல வாசனை. எனக்குத் தெரிந்த வாசனை, மறுவீட்டுப் பந்தியின் வாசனை, கல்யாணத்துக்கு மறுநாள் சொதிச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் இலைக்கு முன்னால் உட்காருமுன்பே மூக்கைத் தூக்குவார்களே அது. ஒரு குறையும் இல்லை என்று மூக்கு சொன்னது. அப்புறம் எப்படி நடந்தது என்று தெரியவில்லை, டம்ளரிலிருந்து ஒரு கரண்டி என் கையில் இருந்தது, அதில் சொதி இருந்தது, வாயில் வைத்துவிட்டேன். முதலில் சூடு மட்டும்தான் தெரிந்தது. பிறகு தேங்காய்ப்பால், இஞ்சி, எலுமிச்சம்புளிப்பு நாக்கின் ஓரத்தில் சுள்ளென்று. பந்தி எல்லாம் முடிந்து, அண்டாவின் அடியில் மிஞ்சியதைச் சோற்றில் பிசைந்து எத்தனை தடவை சாப்பிட்டிருக்கிறேன், அந்தச் சொதி இதுதான். இல்லை. இது அது இல்லை. நெற்றியைச் சுருக்க வேண்டும் என்று பயிற்சி எடுத்து வந்திருந்தேன், பயிற்சி இல்லாமலே சுருங்கியது. எல்லாம் இருக்கிறது, ஆனால் ருசியின் கால் தரையில் ஊன்றவில்லை. புளிப்பு தனியாக நிற்கிறது, பால் தனியாக நிற்கிறது. உப்பு இல்லை. இருக்கிறது, போதவில்லை. பெர்னார்ட் சார் வீட்டு நாக்கும் இல்லை ஒன்றும் இல்லை, யார் நாக்குக்கும் இது போதாது. ஹிலரி அம்மாள் சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். அந்த நிமிஷம் எனக்குக் காது அடைத்துக்கொண்டது. ஏசி ஓடுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. எனக்கா உப்பு தெரியவில்லை? என் கைக்கா? என் மூக்குக்கா?

அம்பாசமுத்திரம். அந்தக் கல்யாண மண்டபத்தின் பின்கட்டு, ஆற்றுக் காற்று, மறுவீட்டுச் சொதி. நான் அடுப்புக்கு வந்த புதுசு அது. அன்றைக்கு உப்பை நிறையத்தான் போட்டிருந்தேன், எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. அப்பா போன பிறகு அண்ணன் மேஸ்திரியாக நின்ற முதல் வேலை. இலை போட்டாயிற்று, அவன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தான், உள்ளங்கையில் வாங்கி உறிஞ்சினான், சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், ஆனால் சரியாக இருந்தால் அவன் அங்கே எதற்கு? "உப்பு," என்றான், இரண்டு கையும் சேர்த்து அள்ளிப் போட்டான். பந்தியில் முதல் இலையிலேயே முகம் சுளித்தார்கள். சம்பந்தி எழுந்து வந்துவிட்டார். அண்ணன் திரும்பி எல்லார் முன்னாலும் என்னிடம், "ஏட்டி, உப்ப ரெண்டு வாட்டி போட்டியா? புத்தி எங்க இருக்கு?" என்றான். இளநீரும் மிச்சத் தேங்காய்ப்பாலும் விட்டு ஒப்பேற்றினேன். அதற்கு அடுத்த வேலையிலிருந்து, அவன் அள்ளிப் போடுகிற அளவுக்கு இடம் விட்டுப் போட்டேன். ஒரு முடிவாக எடுத்த மாதிரி கூட நினைவில்லை, கை இறங்கி வந்தது, நின்றது, அவ்வளவுதான். அப்புறம் அந்த அளவே அளவு என்று ஆகிவிட்டது. கையோடு மூக்கும் போய்விட்டது. அவன் உப்புக்கு முந்தைய வாசனையைத்தான் நல்ல வாசனை என்று என் மூக்கு இத்தனை காலம் எடுத்துக்கொண்டிருக்கிறது. அவன் வேஷம் போடுகிறான் என்று நினைத்தேனே, அந்த வேஷத்துக்கு ஒவ்வொரு அண்டாவிலும் இடம் ஒதுக்கி வைத்துக்கொண்டு நின்றவள் நான்தானே. இத்தனை தூரம் வந்து, அவன் இல்லாத ஊரில், அவன் கண்ணில்கூடப் படாத அடுப்பில், நாலு பேருக்கு வைக்கிற சின்னச் சட்டியில்கூட அண்ணன் வந்து போடட்டும் என்று உப்பைக் குறைத்து வைத்திருக்கிறேன். சுத்தம் என்று சொன்னேனே, எச்சில் என்று சொன்னேனே. பிள்ளையாருக்கு இலை போட்ட பிறகும் என் உள்ளங்கையில் ஒருத்தரும் ஒரு சொட்டு ஊற்றவில்லையே. அப்போது எங்கே போனது எச்சில்? நாக்கு வைக்கிற உரிமை மேஸ்திரிக்கு, அந்த உரிமை இல்லாததைத்தான் பெரிய ஆசாரம் மாதிரி போன தடவை இந்த அம்மாளிடமும் நீட்டி முழக்கினேன். பாவி. அவனைச் சொல்கிறேனா என்னைச் சொல்கிறேனா தெரியவில்லை, பாவி. இங்கே அழுதால் அதற்கும் மார்க் குறைப்பார்களோ என்னவோ.

உப்புக் கிண்ணத்தை இழுத்தேன். விரலால் எடுத்தேன், அண்ணன் கை எவ்வளவோ அந்தப் பங்கு, இந்தச் சின்னச் சட்டிக்கு ஒரு சிட்டிகையும் இன்னும் கொஞ்சமும். போட்டுக் கலக்கினேன். டம்ளரிலிருந்து வேறொரு கரண்டி எடுத்தேன், வாயில் வைத்தேன். கூச்சம் இல்லை. புளிப்பும் பாலும் ஒன்றாகச் சேர்ந்து, அப்பாடா என்று உட்கார்ந்தன. இதுதான். இத்தனை காலம் அண்டாவின் அடியில் மிஞ்சியதில் நான் சாப்பிட்ட சொதி.

"என்ன மாத்தினீங்க, ஏன் மாத்தினீங்கன்னு கேக்கறாங்க மேடம்."

"உப்பு குறைஞ்சிருந்துது சார். போட்டேன்."

"ருசி சரின்னு கடைசியா முடிவு பண்றது யாருன்னும் கேக்கறாங்க. போன தடவை கேட்டதுதான்."

"நான்தான்," என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது போல. அடுத்த மேடையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். பெர்னார்ட் சார் அதை மொழிபெயர்க்க வாயெடுப்பதற்குள் திரையில் ஹிலரி அம்மாள் தலையை ஆட்டிவிட்டு எழுத ஆரம்பித்தாள். என்ன எழுதுகிறாள் என்று எட்டிப் பார்க்க இன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. நாலு கிண்ணத்தில் சொதியை ஊற்றி, பக்கத்தில் சோறும் இஞ்சிப் பச்சடியும் வைத்தேன். பெர்னார்ட் சார் ஒரு கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். போன தடவை போலவே, சாப்பிடுவதற்கு முன்னாலேயே, அவர் இடது கை உப்புக் கிண்ணத்தின் பக்கம் வந்தது. நான் கிண்ணத்தை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டேன்.

"மொதல்ல சாப்பிட்டுப் பாருங்க சார்."

அவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், கையை இழுத்துக்கொண்டார். ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். பிறகு இன்னொரு கரண்டி எடுத்தார். உப்புக் கிண்ணத்தை நான் இன்னும் கீழே வைக்கவில்லை.